பாலும் உறைமோரும்

அத்தை டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு மாத்திரை அட்டையைக் காட்டினார். மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்குத் தந்த லெட்ரோசோல், 2.5 மி.கி. பக்கத்தில், மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வெள்ளை டப்பா ஒன்று, இன்னும் பிரிக்காமல்.

"எனக்கு மாதவிடாய் நின்னு பன்னெண்டு வருஷமாச்சு. இனிமே ஏதுடா ஹார்மோன்? அதைத் தடுக்க எதுக்கு வருஷக்கணக்கா மாத்திரை?"

பதில் ஆண் ஹார்மோனில் தொடங்குகிறது என்றதும் முகம் சுளித்தார். அந்தப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். டெஸ்டோஸ்டீரோன் முதலான ஆண்ட்ரோஜன்கள் பெண் உடம்பிலும் ஊறுகின்றன. சினைப்பையிலும், சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும். மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய விட்டுவிடும். ஆண்ட்ரோஜன் வரத்து நிற்காது.

"கடையில தயிர் வாங்குறதை நிறுத்திட்டீங்க. வீட்ல பாலும் உறைமோரும் இருந்தா?"

"தயிர் ஆயிடும்."

அவ்வளவுதான். ஆண்ட்ரோஜன் பால், ஈஸ்ட்ரோஜன் தயிர். உறைமோர், அரோமடேஸ் என்ற நொதி. கொழுப்புத் திசுவில் இருக்கிறது. மார்பில், சில நேரம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. டெஸ்டோஸ்டீரோனில் 19 கார்பன் அணுக்கள். அரோமடேஸ் அதில் ஒன்றைக் கழித்து வளையத்தைத் திருத்தினால் 18 கார்பன் உள்ள ஈஸ்ட்ராடையால். இத்தனை நெருங்கிய உறவுக்காரர்களைத்தான் ஆண், பெண் என்று பிரித்து வைத்திருக்கிறோம். லெட்ரோசோல் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மூட்டுவலியும் எலும்புத் தேய்மானமும் வருவது, ஈஸ்ட்ரோஜன் உண்மையிலேயே வற்றிவிடுவதால்தான்.

"அப்போ பால்தான் வில்லன்!"

அங்கேதான் கதை திரும்புகிறது. ஆண்ட்ரோஜனுக்கென்றே செல்லுக்குள் தனி ஏற்பி உண்டு. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் அது இருக்கிறது. 1940களில் முற்றிய நோய்க்கு டெஸ்டோஸ்டீரோன் ஊசியே போட்டுப் பார்த்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் மீசை முளைத்தது, குரல் கட்டைக்குரலானது. 1970களில் டாமாக்சிஃபென் வந்ததும் அந்த வைத்தியம் ஓரம் போனது. ஏன் சுருங்கியது என்பதற்கு நல்ல விடை ஒன்று 2021இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்களிடமிருந்து வந்தது: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டினால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு ஒத்தாசை செய்யும் புரதங்களை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கட்டியின் வளர்ச்சிக்குப் பிரேக்.

"ட்ரிபிள் நெகட்டிவ்" என்று சொல்கிற வகையில் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஏற்பிகள் இல்லை, ஹெர்2 என்ற புரதத்தின் மிகுதியும் இல்லை. அவற்றில் ஒரு பகுதியில் மட்டும் ஆண்ட்ரோஜன் ஏற்பி தனியாக நிற்கும். எஜமானி இல்லாத வீட்டில் அதுவே கட்டியின் வளர்ச்சியை நடத்த ஆரம்பிக்கிறது. அதனால் அந்த ஏற்பியைத் தடுக்க, ஆண்களின் புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் பைகலூட்டமைடைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வந்த அந்தச் சிறிய ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆறு மாதம் நோய் மேற்கொண்டு வளராமல் நின்றது. என் பார்வையில், கவனிக்க வேண்டிய வெற்றி. கொண்டாட இன்னும் நாள் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ஆண்ட்ரோஜன் ஏற்பி 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் மாத்திரை கேட்கும் நிலை வரவில்லை.

அத்தை வெள்ளை டப்பாவை நகர்த்தினார். "தெம்பா இருக்கும்னு அவன் வாங்கிட்டு வந்தான்."

லேபிளைப் படித்தேன். டிஹெச்இஏ. அட்ரீனலும் இதைச் சுரக்கிறது. உடம்பு இதை ஆண்ட்ரோஜனாக்கும், அதிலிருந்து ஈஸ்ட்ரோஜனும் ஆக்கும். அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே சத்து மாத்திரை என்று கடையில் கிடைக்கிறது.

"ஒரு பக்கம் உறைமோரை ஒளிச்சு வைக்கிறீங்க. இது பால் பாக்கெட் அத்தை. டாக்டர்கிட்ட காட்டாம தொடாதீங்க."

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், அடுத்த செக்கப்புக்கு எடுத்துவைத்திருந்த ஃபைல் பையில் அதைப் போட்டுவிட்டு வந்தார். "டீ ஆறிப்போச்சு, குடி."