எஞ்சின் மாற்றம்: வலுவும் எடையும்

பழைய கார் ஒன்றிற்குப் பிற்கால எஞ்சினைப் பொருத்தினால் வேகம் கூடும். ஆயின் அது நல்ல காராக அமையுமா? பிரித்தானியாவின் எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் உற்பத்தி செய்யப்பட்டது. அதன் எஞ்சின் வார்ப்பிரும்பாலானது. 4 உருளைகளைக் கொண்டது. கொள்ளளவு 1798 கன சென்ரிமீற்றர். வலு ஏறத்தாழ 95 குதிரைவலு.

1. எம்.ஜி.சி. (1967 – 1969)

எம்.ஜி.பி.யின் உடலமைப்பில் 2912 கன சென்ரிமீற்றர் கொண்ட 6 உருளை எஞ்சின் பொருத்தப்பட்டது. வலு 145 குதிரைவலுவாக உயர்ந்தது. ஆனால் இதுவும் வார்ப்பிரும்பாலானது. முன்னைய எஞ்சினிலும் ஏறத்தாழ 95 கிலோகிராம் கூடிய எடையுடையது. இப்பாரம் காரின் முன்பகுதியில் அமைந்தது. கார் திரும்பும்போது பாரமான முன்பகுதி சடத்துவத்தினால் நேராகச் செல்லவே முனையும். எனவே வளைவுகளில் கார் இலகுவாகத் திரும்பவில்லை எனப் பத்திரிகைகள் குறைகூறின.

2. எம்.ஜி.பி. ஜி.ரி. வி8 (1973 – 1976)

அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தயாரித்த அலுமினிய வி8 எஞ்சினின் உரிமையை ரோவர் நிறுவனம் 1965இல் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் கென் கொஸ்ரெல்லோ என்பவர் இந்த எஞ்சினை எம்.ஜி.பி. கார்களுக்குப் பொருத்தி விற்றார். பின்னர் தொழிற்சாலையே 1973இல் இத்தகைய காரை வெளியிட்டது. கொள்ளளவு 3528 கன சென்ரிமீற்றர். வலு 137 குதிரைவலு. மொத்தம் 2591 கார்கள் உற்பத்தியாயின.

இதன் வலு எம்.ஜி.சி.யின் வலுவிலும் சிறிது குறைவு என்பதைக் கவனிக்க. எனினும் இது வளைவுகளில் நன்கு திரும்பியது. காரணங்கள் இரண்டு:

(அ) அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். ஆகவே எட்டு உருளைகள் இருந்தும் எஞ்சினின் எடை பழைய நாலுருளை எஞ்சினின் எடையை அண்மித்ததாகவே இருந்தது.

(ஆ) உருளைகள் நான்கு நான்காக இரு வரிசைகளில் அமைந்தமையால் எஞ்சின் நீளத்திற் குறுகியது.

3. உடன் மாற்ற வேண்டியவை

வேகம் இருமடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். ஆகவே வலுக்கூடிய எஞ்சினைப் பொருத்துவோர் பிரேக்கையும் வலுப்படுத்தல் அவசியம். இல்லையேல் விபத்து நேரும். கூடிய வெப்பத்தை அகற்ற ரேடியேற்றரும், கூடிய திருப்பத்தைத் தாங்கக் கியர்ப்பெட்டியும் ஏற்றவையாக இருத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க: "வலு கூடியது, ஆகவே கார் சிறந்தது" என எழுதுவது நிறைவான விடையன்று. எஞ்சினின் எடையையும், அவ்வெடை காரில் எப்பகுதியில் தாங்கப்படுகின்றது என்பதையும் சேர்த்தே காரணங் கூறுக.

பயிற்சி: எம்.ஜி.சி.யிலும் வலுக் குறைந்த வி8 கார் வளைவுகளில் நன்கு திரும்பியமைக்குரிய காரணங்கள் இரண்டினை விளக்குக.