பிள்ளை பெற்றவளையும் கொஞ்சம் கவனியுங்கள்!

குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? ''ஆணா, பொண்ணா?'', ''எத்தனை கிலோ?'', ''யார் ஜாடை?'' தொட்டிலைச் சுற்றி இத்தனை கேள்வி. கட்டிலில் படுத்திருக்கிறாளே பெற்றவள், அவளிடம் ''உனக்கு உடம்பு எப்படி இருக்கு தாயி?'' என்று கேட்பவர் எத்தனை பேர்?

மேலூர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகட்டும், மதுரை 'பெரியாஸ்பத்திரி'யில் ஆகட்டும், தனியார் நர்சிங் ஹோமில் ஆகட்டும், இந்த விஷயத்தில் எல்லா வீடும் ஒன்றுதான். ''பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்'' என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாத் தொல்லைகளையும் மூடிவிடுகிறோம்.

2023 கடைசியில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கு இது: உலகம் முழுக்க ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பெண்களுக்குப் பிரசவத்தால் ஏற்படும் ஏதாவது ஒரு தொல்லை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட நீடிக்கிறது. தாம்பத்திய உறவின்போது வலி, இடுப்பு வலி, சிறுநீர்க் கசிவு, மனச்சோர்வு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆனால் வாயைத் திறந்து சொன்னால்தானே வைத்தியம்!

கொத்துக் கொத்தாக முடி

மூன்றாம், நான்காம் மாதத்தில் சீப்பை எடுத்தால் கொத்தாக முடி வரும். பயந்து போவார்கள். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் முடியை உதிர விடாமல் பிடித்து வைத்திருந்தன. பிரசவத்துக்குப் பிறகு அவை சட்டென்று குறைகின்றன. நின்று போயிருந்த உதிர்தல் மொத்தமாக நடக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் முடி கொட்டுவதோடு ஓயாத அசதி, படபடப்பு, திடீரென எடை கூடுவது அல்லது குறைவது ஆகியவையும் சேர்ந்தால் சும்மா இருக்காதீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம். பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பியும் தகராறு செய்யும். ஒரு ரத்தப் பரிசோதனையில் இரண்டும் தெரிந்துவிடும்.

சொல்லக் கூசுகிற தொல்லைகள்

தும்மினால், இருமினால், சிரித்தால்கூட இரண்டு சொட்டு சிறுநீர் கசிகிறதா? குழந்தையைத் தாங்கிய இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்து போனதுதான் காரணம். இதற்காக விசேஷ வீடு, கோயில் என்று எங்கேயும் போகாமல் ஒதுங்கிவிடும் பெண்கள் உண்டு. பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை.

அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-ல் எழுதிய எளிய பயிற்சி ஒன்று இதற்கு உண்டு. சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ, அதே தசையை 5 விநாடி இறுக்கி, 5 விநாடி தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யவும் கூடாது. பால் கொடுத்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது! மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை, அல்லது அடியில் ஏதோ இறங்குவது போல் இருக்கிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலத்தை அடக்க முடியாமல் போவது, தையல் போட்ட இடத்தில் ஆறாத வலி, மூலம் எல்லாம் இந்த வகைதான். பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் குறைவால் பிறப்புறுப்பு உலர்ந்து, உறவின்போது வலிக்கும். கணவர்மார்களே, இது உங்கள் மேல் வெறுப்பு அல்ல. கொஞ்சம் பொறுங்கள்.

குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் 'சுரீர்' என்கிறதா? அந்த இடத்துத் தசைநாண் உறை வீங்கியிருக்கும். கட்டைவிரலை விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்து அள்ளித் தூக்கினால் வலி குறையும்.

தண்ணி குடிக்கலாமா?

நம் பக்கத்துப் பேறுகால மருந்து, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு எல்லாம் சரி. தாய்வீட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவதைவிட நல்ல வைத்தியம் எது? ஆனால், ''பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்'' என்று தாகத்துக்குக்கூடத் தண்ணீர் தராமல் இருப்பதுதான் வம்பு. மலம் இறுகும், தையல் வலிக்கும், சிறுநீரில் எரிச்சல் வரும். மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம்! பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடுதல். வயிறு பெரிதாகத் தெரிவதற்குத் தண்ணீர் காரணமில்லை. நடுவில் விலகிய வயிற்றுத் தசைகள் பழையபடி சேர மாதங்கள் ஆகும். காய், கீரை, பழங்களையும் பத்தியம் என்று நிறுத்தாதீர்கள்.

மனசுக்கு என்ன ஆச்சு?

குழந்தை பிறந்த மூன்றாம், நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது உண்டு. தூக்கமும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால்? எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கமில்லை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற நினைப்பு... இது மனச்சோர்வு நோய். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தமிழகக் கிராமத்துப் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்கு 11 பேர் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். காரணங்களைப் படித்தால் நம் வீட்டைப் பார்த்து எழுதியது போல் இருக்கும்: வருமானக் குறைவு, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் வந்த துயரம், கைகொடுக்க ஆள் இல்லாதது. பணத்தைத் தவிர மற்றதில் நம் கையில் இருப்பது எத்தனை, யோசியுங்கள். ''இதுவும் பொட்டப்புள்ளையா?'' என்று கேட்காமல் இருக்கக் காசு செலவில்லையே!

ஆயிரத்தில் ஓரிருவருக்கு இன்னும் கடுமையாக வரும். முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கமே அற்றுப்போய், யாரோ பேசுவதாகச் சொல்வது, வீட்டாரையே சந்தேகிப்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது என்று ஆளே மாறிவிடுவாள். ''காத்துக் கருப்பு அண்டிருச்சு'' என்று கோடங்கியிடம் கொண்டு போவதில் கழிகிற ஒவ்வொரு நாளும் இரண்டு உயிருக்கு ஆபத்து. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மருந்தில் நன்றாகக் குணமாகிற நோய் இது.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால் பால் கொடுக்கக் கூடாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டார் என்ன செய்யலாம்?

* ராத்திரி ஒரு முறையாவது குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டு, அவளை நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள்.

* கணவர் வாரம் ஒரு தடவை மாமியார் வீட்டுக்கு விருந்தாளி போல் வந்து போனால் போதாது. துணி அலசுங்கள், குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரவையுங்கள்.

* 6-வது வாரம் தடுப்பூசி போடக் குழந்தையைக் கொண்டு போகும்போது, தாயும் தன் உடம்பைக் காட்டிக்கொள்ளட்டும். அதற்கு முன்பும் 3-வது நாளும், இரண்டாம் வாரத்திலும் தாயைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

* மருத்துவரிடம் அவள் பேசட்டும். அவளுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

இவை இருந்தால் தாமதிக்காதீர்கள்!

ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், செத்துவிடலாம் என்ற பேச்சு. பிரசவமாகி ஆறு வாரம் வரை ரத்தக் கொதிப்பு எகிறலாம், 'அதான் பிரசவம் முடிஞ்சிருச்சே' என்று இருந்துவிடாதீர்கள். ஆம்புலன்சுக்கு 108. மனசு சரியில்லை என்றால் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது, தொட்டிலுக்குப் போகும் முன் கட்டில் பக்கம் ஒரு நிமிஷம் உட்காருங்கள். ''தூங்கினியாம்மா? சாப்பிட்டியா? எங்கேயாவது வலிக்குதா?'' என்று கேளுங்கள். அவள் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.