கட்டடத்தோடு வரவேண்டிய ஏடு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கட்டுவதிலுள்ள தொல்லையை இப்பழமொழி நன்கு உணர்த்துகிறது. ஆயினும், கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்று அது கூறவில்லை. அவ்வாறு கூறவேண்டிய தேவை அந்நாளில் இருக்கவில்லை போலும். வீட்டைக் கட்டிய கொத்தனார் அதே ஊரில்தான் வாழ்ந்தார். அவருக்குப் பின் அவர் மகன் இருந்தான். கழிவுநீர் எவ்வழியே செல்கிறது, அடித்தளம் எவ்வளவு ஆழம், எந்த உத்திரம் எப்போது மாற்றப்பட்டது என்பனவெல்லாம் யாரேனும் ஒருவர் நினைவில் தங்கியிருந்தன.

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களுக்கு வந்து வாழும் நம்முடைய நிலை வேறு. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறோம். அவற்றைக் கட்டிய கைகள் எந்த மாநிலத்தவை என்பதை நாம் அறியோம். அவை இப்போது எந்த ஊரில் வேலை செய்கின்றன என்பதையும் அறியோம். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாறுகிறார், காவலாளி மாறுகிறார், குழாய் வேலைக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார். மூன்றாம் மாடிக் கூரையில் ஈரம் கசிந்தால், குழாய் எங்கே ஓடுகிறது என்று காணச் சுவரை உடைத்துப் பார்ப்பதன்றி வேறு வழி தோன்றுவதில்லை. வாழ்நாள் சேமிப்பையும் வருங்கால வைப்பு நிதியையும் கொட்டி வாங்கிய வீட்டைப் பற்றி, அதன் உரிமையாளருக்கே ஒன்றும் தெரியாத நிலை இது.

இக்குறையைப் போக்கவல்ல ஒரு முறை, கட்டடத் தொழிலில் இன்று வேரூன்றி வருகிறது. பில்டிங் இன்பர்மேஷன் மாடலிங் என்பது அதன் பெயர். கட்டடத் தகவல் மாதிரியுரு என்று தமிழில் கூறலாம். தொழிலில் உள்ளவர்கள் சுருக்கமாகப் ‘பிம்’ என்பர். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. இதன் பெரும்பயன் குடியிருப்பவருக்கே உரியது என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடும் பொருளும்

காகிதத்தில் வரையும் முறையில், ஒரு கட்டடத்துக்குத் தரைப்படம், முகப்புப் படம், வெட்டுத் தோற்றம் எனப் பல படங்கள் வேண்டும். கட்டடக் கலைஞர் ஒரு தொகுதி வரைவார். தூண்களையும் உத்திரங்களையும் கணிக்கும் பொறியாளர் மற்றொரு தொகுதி வரைவார். மின்சாரத்துக்கு ஒன்று, குடிநீருக்கும் கழிவுநீருக்கும் ஒன்று, குளிர்சாதனத்துக்கு ஒன்று என்று படங்கள் பெருகும். ஒரு கதவை இரண்டடி நகர்த்தினால் அத்தனை படங்களிலும் அதனைத் திருத்த வேண்டும். எங்கேனும் ஒன்றில் திருத்தம் விடுபட்டுப் போனால், அந்தப் பிழை படத்தோடு நிற்காமல் கட்டடத்துக்குள்ளும் குடியேறிவிடும்.

இந்தத் துன்பத்துக்கு மாற்று வழி கண்டவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் ஈஸ்ட்மன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், வரைபடங்களுக்குப் பதிலாகக் கணிப்பொறியில் கட்டடத்தின் முழு வருணனையையே சேர்த்து வைக்கலாம் என்று எடுத்துரைத்தார். மாற்றம் ஒரே இடத்தில் செய்யப்பட வேண்டும். படங்கள் யாவும் அந்த ஒரே மூலத்திலிருந்து பிறக்க வேண்டும். பொருள்களின் கணக்கும் அதிலிருந்தே கிடைக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அதனை எளிதில் நிறைவேற்றும் ஆற்றல் அக்காலக் கணிப்பொறிகளுக்கு இல்லை. பிற்காலத்தில் அவை மலிவும் வலிமையும் பெற்றபோது, அவர் கருத்து தொழில்முறையாயிற்று.

பழைய வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். மாதிரியுருவிலோ சுவர் சுவராகவே இருக்கிறது. அது செங்கல்லா, கான்கிரீட்டா, அதன் கனம் என்ன, எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், விலை என்ன என்பன அதனோடு பிணைந்திருக்கின்றன. பம்பு என்றால் அதன் உருவம் மட்டுமன்று. செய்த நிறுவனம், திறன், வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள் ஆகியவையும் அதில் இடம்பெறலாம். ஆகவே, பிம் என்பது அழகிய படம் காட்டும் வித்தை என்று எண்ணுவது தவறு. அது கட்டடத்தைப் பற்றிய அறிவைத் திரட்டி வைக்கும் ஏடு.

திரையில் தீரும் சண்டை

இந்த ஏட்டின் முதற் பயன் வடிவமைப்பின்போதே தெரிகிறது. குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய் ஓர் உத்திரத்தை ஊடறுத்துச் செல்வதாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனிப் படங்களில் இது கண்ணுக்குப் புலப்படாது. எல்லோருடைய வேலையும் ஒரே மாதிரியுருவில் கூடும்போது, மோதல் இன்ன இடத்தில் உள்ளது என்று கணிப்பொறியே சுட்டிக் காட்டுகிறது. திரையில் திருத்துவதற்குச் சில மணி நேரம் போதும். அதே பிழை கான்கிரீட் வார்த்த பிறகு தெரியவந்தால், உடைப்பதற்கும் மீண்டும் கட்டுவதற்கும் ஆகும் செலவு யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கட்டுமானத்தின்போது இம்முறை ஒரு படி மேலே செல்கிறது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று பரிமாணங்களோடு காலத்தை நான்காவதாகவும் செலவை ஐந்தாவதாகவும் சேர்க்கின்றனர். எந்தத் தூண் எந்த வாரத்தில் எழும், அன்று எவ்வளவு சிமெண்டும் கம்பியும் தேவைப்படும், அதற்குரிய பட்டியல் தொகை எவ்வளவு என்பவை ஒன்றோடொன்று இணைந்து தெரிகின்றன.

இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நாகபுரி நகரின் மெட்ரோ ரயில் திட்டம் இந்த ஐந்து பரிமாண முறையைத் தழுவி நடத்தப்பட்டது. 2015இல் கட்டத் தொடங்கிய இத்திட்டத்தில், 2019 மார்ச்சில் முதற் பகுதி ஓடத் தொடங்கியது. 2022 டிசம்பரில் முதற் கட்டத்தின் இரு தடங்களும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. வர்தா சாலையில் 3.14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஈரடுக்கு மேம்பாலம் அங்கே எழுந்துள்ளது. தரையில் ஒரு சாலை, அதன்மேல் நெடுஞ்சாலை மேம்பாலம், அதற்கும் மேலே ரயில் பாதை என்று மூன்று அடுக்காகப் போக்குவரத்து நடக்க, மேலுள்ள இரண்டையும் ஒரே தூண் வரிசை தாங்கி நிற்கிறது. சாலைத் துறையும் ரயில் துறையும் தத்தம் படத்தைத் தனித்தனியே வைத்துக்கொண்டு இத்தகைய வேலையைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை யாரும் ஊகிக்கலாம். கட்டும்போது திரட்டிய விவரங்களை ரயில் ஓடும் காலத்துப் பராமரிப்புக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அத்திட்டத்தார் வகுத்துக்கொண்ட நோக்கம். அந்த நோக்கமே நம் பொருளுக்கு முக்கியமானது.

சாவியும் விவரமும்

ஒரு கட்டடம் கட்டி முடிய இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகலாம். அது பயன்படுவதோ ஐம்பது, அறுபது ஆண்டுகள். இவ்வளவு நீண்ட காலத்துக்கு வேண்டிய விவரம், சாவி கைமாறும் நாளிலேயே பெரும்பாலும் தொலைந்துபோகிறது. ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் சில படங்கள் தங்கும். மூட்டைகளாகக் கட்டிய சில தாள்கள் அடித்தள அறையில் கறையானுக்கு இரையாகும்.

இந்த அலட்சியத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2004இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வீடுகள் நீங்கலாக உள்ள பெரிய கட்டடங்களிலும் ஆலைகளிலும், கணிப்பொறித் தகவல்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சரிவரச் செல்லாமையால் 2002ஆம் ஆண்டில் ஏற்பட்ட நட்டம் 1,580 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வரைந்தவரையோ கட்டியவரையோ சேரவில்லை. கட்டடத்துக்கு உரியவர்களையும் அதனை நடத்துபவர்களையுமே சேர்ந்தது. பிழை ஒருவருடையது, அபராதம் மற்றொருவருடையது!

பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. 2017 ஜூன் 14ஆம் நாள், லண்டனில் கிரென்பெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்ததில் 72 பேர் உயிரிழந்தனர். வெளிச்சுவரில் பின்னாளில் பொருத்தப்பட்ட, எளிதில் தீப்பற்றும் பலகைகளின் வழியே தீ பரவியது. அதன்பின் கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹாக்கிட் அம்மையார் 2018இல் அளித்த அறிக்கையில், உயர்ந்த குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பொன்னிழை’ வேண்டும் என்றார். வடிவமைப்பிலிருந்து குடியிருப்புக் காலம் வரை, எந்தப் பொருள் எங்கே பொருத்தப்பட்டது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற விவரம் அறுபடாமல் தொடர வேண்டும் என்பதே அதன் பொருள். 2022இல் நிறைவேறிய கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் வாயிலாக அக்கருத்து இங்கிலாந்தில் சட்டத்தின் வலிமையைப் பெற்றது. கட்டடத்தின் விவர ஏடு உயிர்காக்கும் கருவி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் குடியிருப்புகளுக்கு மாதிரியுருவை ஒப்படைக்க வேண்டும் என்று ரெரா சட்டம் கூறவில்லை. ஆயினும் 2016ஆம் ஆண்டின் அந்த மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் நமக்கு ஒரு பிடியைத் தந்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி, பொதுப் பகுதிகளுக்குரியவை உட்பட வேண்டிய ஆவணங்களையும் வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைப்பது கட்டி விற்பவரின் கடமை. மேலும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை காணப்பட்டுத் தெரிவிக்கப்பட்டால், அதனைக் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சீர்செய்ய வேண்டும் என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. இவ்வுரிமைகள் இருப்பதை அறியாமலே எத்தனையோ குடும்பங்கள் ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றன.

ஆகவே, புதிய வீடு வாங்குவோர் சமையலறை மேடையின் பளபளப்பைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் சில கேள்விகளைக் கேட்பது நலம். கட்டடம் மாதிரியுருவைக் கொண்டு வடிவமைக்கப்பட்டதா? கட்டும்போது செய்த மாற்றங்கள் அதில் ஏற்றப்பட்டனவா? சங்கத்துக்கு அதன் பிரதி கிடைக்குமா? கிடைக்குமாயின், ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கக்கூடியதாக இல்லாமல், ஐ.எப்.சி. என்னும் பொது வடிவத்திலும் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். மென்பொருள் பத்தாண்டில் மறைந்துபோகலாம், கட்டடம் மறையாது.

பழைய கட்டடத்தில் வாழ்வோரும் மனந்தளர வேண்டா. லேசர் கருவியால் அளந்து, நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்கும் மாதிரியுரு அமைக்க இயலும். அதற்குரிய பொருள்வசதி இல்லையெனில், தடித்த அட்டைப் பதிவேடு ஒன்று போதும். சுவரை உடைக்க நேர்ந்த ஒவ்வொரு முறையும், மூடுவதற்கு முன் குழாயின் இடத்தை அளந்து குறித்துப் படமும் எடுத்து வைத்தால், சில ஆண்டுகளில் மதிப்பிட முடியாத செல்வமாக அது வளர்ந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். எவ்வளவு சிறந்த மாதிரியுருவும் கடைசியாகத் திருத்திய நாள் வரையில்தான் உண்மை பேசும். பம்பை மாற்றிவிட்டு ஏட்டை மாற்றாமல் விட்டால், அந்த ஏடு வழிகாட்டுவதற்கு மாறாக வழிதவறச் செய்யும். கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்ளுமேயன்றி, நமக்காகக் கவலைப்படாது. ஆதலால், இந்த வேலையை இன்னார் செய்வார் என்று சங்கம் ஒருவரை நியமிப்பது இன்றியமையாதது.

ஊரில் கொத்தனாரின் நினைவு செய்த பணியை, வந்த இடத்தில் நாம் எழுத்தில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்பது போலவே, ‘நம் கட்டடத்தின் வரைபடங்கள் யாரிடம் இருக்கின்றன?’ என்றும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். விடை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால், ஏட்டைத் தொடங்க அதுவே தக்க நாள்.