முறிவுக்குக் கீழே விழித்திருக்கும் தண்டுவடம்

தண்டுவடத்தை மூளைக்கும் காலுக்கும் நடுவே ஓடும் கம்பியாக எண்ணியே பழகிவிட்டோம். கம்பி அறுந்தால் காலுக்குச் செய்தி போகாது. அப்படியானால் காலுக்கே நேராக மின்சாரம் கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் தொடை, இடுப்பு, முதுகுத் தசைகளை இயக்கும் மின்முனைகளை உடலுக்குள் பொருத்தி, கால் இயங்காதவர்களை நிற்க வைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் இவ்வழியில் தசை விரைவில் களைத்துவிடும். நாமாக எழுந்து நிற்கும்போது, எளிதில் சோராத சிறிய தசைநார்கள் முதலில் வேலைக்கு வருகின்றன. வெளியிலிருந்து பாயும் மின்சாரமோ பருமனான நரம்பிழைகளை முதலில் தட்டுகிறது. அவை இயக்கும் நார்கள் வலுவானவை, ஆனால் சீக்கிரம் ஓய்ந்துபோகிறவை.

2011இல் லூயிவில் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹார்கிமா குழு லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, கம்பி என்ற எண்ணத்தையே அசைத்தது. 2006இல் விபத்தில் சிக்கிய 23 வயது இளைஞருக்கு 26 மாதங்களில் 170 முறை பயிற்சி தந்தும் நிற்க முடியவில்லை. 2009 டிசம்பரில், இடுப்பளவிலுள்ள தண்டுவடத்தின் உறைமேல் 16 மின்முனைகள் பொருத்தப்பட்டன. அவர் தன் முழு எடையையும் தாங்கி 4 நிமிடத்துக்குமேல் நின்றார். சமநிலைக்கு மட்டுமே உதவி தேவைப்பட்டது. நான் முக்கியமாகக் கருதுவது இந்த நிமிடக் கணக்கை அல்ல. மின்சாரத்தின் அளவை மாற்றாதபோதே, உட்கார்ந்திருந்தவர் எழுந்து பாதத்தில் எடை ஏறியதும் தசைகளின் இயக்கம் மாறியது. எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்று மின்சாரம் சொல்லவில்லை. காலிலிருந்து வந்த உணர்வுச் செய்தியைப் படித்து, தண்டுவடமே அதை முடிவு செய்தது. மின்சாரம் அதன் உறக்கத்தைக் கலைத்தது, அவ்வளவே.

அந்த இளைஞருக்குக் கொஞ்சம் தொடுவுணர்வு எஞ்சியிருந்ததே, ஒருவரை வைத்து எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2014இல் அதே குழு மேலும் மூவரைச் சேர்த்து, மின்தூண்டல் நடக்கும்போது நால்வருமே தாம் நினைத்தபடி காலை அசைத்ததைக் காட்டியது. அவர்களில் இருவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வே எஞ்சியிருக்கவில்லை. சக்கர நாற்காலி இருக்க, சில நிமிடம் நிற்பதற்கு முதுகைத் திறக்க வேண்டுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. அறுவையில் தொற்று அபாயம் உண்டு, மின்முனைகள் இடம் நகர்வதும் உண்டு. ஆனால் முதல் இளைஞருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடும் உடல்வெப்பச் சீரும் ஓரளவு மீண்டன. ஒவ்வொரு நாளும் குழாய் செருகிச் சிறுநீர் வெளியேற்றுகிறவருக்கு அது நடப்பதைவிடப் பெரிய விடுதலையாக இருக்கக்கூடும். கருவியின் விலையை மட்டும் பேசுகிறவர்கள் அந்த 170 பயிற்சிகளை மறந்துவிடுகிறார்கள். பாதத்தின் செய்தியைத் தண்டுவடம் மறுபடி படிக்கப் பழக வேண்டுமானால், ஒவ்வொரு அமர்விலும் உடலைத் தாங்கிப் பிடித்து முழங்காலை நிமிர்த்த ஆட்கள் வேண்டும். கருவியை வாங்கிவிடும் மருத்துவமனைகூட அத்தனை கைகளுக்குச் சம்பளம் ஒதுக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.