புழுவாகும் முன்பே

பூதலூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். கொல்லைத் தக்காளி காய்க்கிற காலமும் அதுதான். உளுந்தங்காயைத் துளைக்கிற பச்சைக் காய்ப்புழுவுக்கும், இலையை அரிக்கிற புரொடீனியாப் புழுவுக்கும் தக்காளியும் பிடித்த தீனி. இரவில் பறக்கும் தாய் அந்துப்பூச்சிக்கு வயலிலிருந்து கொல்லை ஒன்றும் தூரமில்லை.

புரொடீனியா இலையில் குவியலாக முட்டையிட்டுப் பழுப்பு மயிரால் மூடிவிடும். பொரிந்த குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருந்து இலையைச் சுரண்டும். அந்த ஓர் இலையைக் கிள்ளி அழித்தால் நூற்றுக்கணக்கான புழு போயிற்று. காய்ப்புழுவின் முட்டை அப்படிச் சிக்காது. நுனி இலையிலும் பூவை ஒட்டியும் ஒவ்வொன்றாக, கடுகைவிடச் சிறியதாக, வெண்மஞ்சளாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். வளர்ந்த புழு தலையைக் காய்க்குள் விட்டு, உடலை வெளியே வைத்துத் தின்னும்; ஒன்றைக் கெடுத்துவிட்டு அடுத்த காய்க்குப் போகும். காய்க்குள் தலை போனபின் எந்த மருந்தும் சரியாக எட்டாது. ஆகவே நமக்குள்ள நல்ல அவகாசம் அந்த மூன்று நான்கு நாள்தான்.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தத் தெரிந்த பூச்சி ஒன்று உண்டு: டிரைக்கோகிரம்மா. அரை மில்லிமீட்டர் அளவுள்ள குளவி இனம். பெண் குளவி உணர்கொம்பால் அந்துப்பூச்சியின் முட்டையைத் தட்டிப் பார்க்கும். பிறகு அதைத் துளைத்துத் தன் முட்டையை உள்ளே வைக்கும். உள்ளே பிறக்கிற குளவிக் குஞ்சு முட்டைச் சத்தையே தின்று வளர, அந்துப்பூச்சி முட்டை கறுத்துப்போகும். புழு வரவேண்டிய இடத்திலிருந்து குளவி வெளிவரும்.

இந்தக் குளவியை அட்டையாகவே வாங்கலாம். உடைத்த கம்பில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, குளவியை அவற்றில் முட்டையிட வைக்கிறார்கள். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 18,000 முட்டைகள் இருக்கும். டெல்டாவில் நெல்லின் இலைச்சுருட்டுப் புழுவுக்கு இத்தகைய அட்டையைக் கட்டுவது பழக்கம்தான். கொல்லைக்குச் சிறு துண்டு போதும். தக்காளி பூக்கத் தொடங்கும்போது, வெயில் தாழ்ந்தபின், இலையின் அடியில் கட்ட வேண்டும். அப்போது பூச்சிமருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும். மயிர் மூடிய புரொடீனியா முட்டைக்கு இது அவ்வளவாக உதவாது. அதற்குக் கைதான் மருந்து.

தக்காளி நடும்போது ஓரத்தில் செண்டுமல்லியும் நடுங்கள். தக்காளி நாற்று 25 நாள் வயதென்றால் செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும், காய்ப்புழுவின் தாய் செண்டுமல்லி மொட்டை நாடிப்போகும். குஞ்சுப் புழு தென்பட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளியுங்கள். துளைவிழுந்த காயைச் செடியடியில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

ஏக்கர் கணக்கில் பயிரிடுபவருக்கு இல்லாத வசதி வீட்டுத் தோட்டக்காரருக்கு உண்டு: ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்க்கலாம். பூப்பிடித்த நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் அப்படிப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் மருந்துக்கடைப் படியேற வேண்டியிருக்காது.