இரண்டாம் ஆசனம் – 7: கண்டீரவாவில் இரண்டு கார்னர் கிக்குகள்

கால்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்சியாளருக்குப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்திருப்பவரைப் பற்றியது இத்தொடர் என்பதையும், சென்னைக்காரரான சையது சபீர் பாஷா இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் முன்னணி வீரராக ஆடிய காலத்தைச் சென்ற வாரம் சொல்லி முடித்ததையும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இவ்வாரம் பெங்களூர் ஆட்டக்காரர் கார்ல்டன் சாப்மனைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் 2018 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் தேதி இரவு பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தின் விவரங்களை மறுபடி எடுத்துப் பார்த்தது முதல், என் மனம் அந்த ஆட்டத்தை விட்டு அகல மறுக்கிறது.

லீக் ஆட்டங்களின் முடிவில் பெங்களூர் 40 புள்ளிகளோடு முதலிடத்திலும், சென்னையின் எப்.சி. 32 புள்ளிகளோடு அதற்கடுத்த இடத்திலும் இருந்தன. இறுதி ஆட்டமோ பெங்களூரின் சொந்த மைதானத்தில். பேச்சால் தமிழையும் பிழைப்பால் பெங்களூரையும் சார்ந்து, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் எங்கள் கோலார் தங்கவயல் ஜனங்களுக்கு இவ்விரு நகரங்களில் எதன்மீது அபிமானம் வைப்பது என்பது எளிதில் தீராத வினா. ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டு, சென்னையின் கதை முடிந்தது என்று பலரையும் எண்ண வைத்தார். அதற்குப் பின் நடந்ததுதான் என்னை இந்த வாரம் முழுவதும் ஆட்கொண்டிருக்கும் விஷயம். பதினேழாவது நிமிஷத்தில் கிரெகரி நெல்சன் அடித்த கார்னர் கிக்கை, பிரேசில் தேசத்துத் தடுப்பு வீரர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். இடைவேளைக்குச் சற்று முன்பு, நாற்பத்தைந்தாவது நிமிஷத்தில், அதே நெல்சனின் கார்னர் கிக், அதே மைல்சனின் தலை, மறுபடியும் கோல்! அறுபத்தேழாவது நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைச் சேர்க்க, ஆட்டம் முடியும் தறுவாயில் மிக்கு பெங்களூருக்காக ஒரு கோல் போட்டும், சென்னை 3–2 என்ற கணக்கில் கோப்பையை வென்றது.

ஓடும் பந்தில் பிறக்கும் கோல் பெரும்பாலும் வீரனின் பிரதிபையைச் சார்ந்தது; கார்னர் கிக்கில் பிறக்கும் கோலோ, யார் எந்தப் புள்ளியிலிருந்து ஓடத் தொடங்குவது, யார் எதிராளியை மறித்து நிற்பது, பந்து எந்த உயரத்தில் எங்கே வந்து இறங்குவது என்று பயிற்சி மைதானத்தின் அமைதியான காலை வேளைகளில் சலிப்பூட்டுமளவுக்குத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்ததன் பலன். ஒருமுறை நேர்ந்ததை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம். ஒரே இறுதி ஆட்டத்தில், அந்நிய மைதானத்தில், இருமுறை நேர்ந்ததை அப்படித் தள்ள என் மனம் ஒப்பவில்லை. வெற்றிக்கான கீர்த்தி, ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லாவை நிர்வகித்தவரும் அன்று சென்னையின் தலைமைப் பயிற்சியாளருமான ஜான் கிரெகரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். ஆனால் காலைப் பயிற்சியின் உழைப்பை அவரோடு பகிர்ந்து கொண்டவர்களை, அவர்களில் ஒருவராகிய உதவிப் பயிற்சியாளர் சபீர் பாஷாவை, மறுநாள் எத்தனை பேர் நினைத்தார்கள்?

இவ்விடத்தில் எங்கள் ஊர்ச் சுரங்கத்து வைண்டிங் இஞ்சின் டிரைவரை நினையாமல் இருக்க முடியவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குத் தோண்டப்பட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தொழிலாளர்களைச் சுமந்து இறங்கும் கூண்டை, தரைமேல் ஒரு கொட்டகைக்குள் அமர்ந்து, மணியின் சமிக்ஞைகளை மட்டுமே நம்பி ஏற்றி இறக்கியவர் அவர். வெட்டியெடுத்த பொன் மற்றவர்களின் பெயரால் பேசப்பட்டது. ஆனால் அவர் கை நடுங்கியிருந்தால் எவரும் உயிரோடு மேலே வந்திருக்க முடியாது.

விளையாட்டும் உத்தியோகமும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்த காலத்தை எங்கள் பிரதேசம் நன்கறியும். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய கென்னத் பவல் கோலாரில் பிறந்து, பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்தே தேசத்தின் முதன்மையான ஓட்டக்காரர்களில் ஒருவரானார். அத்தகைய உத்தியோகம் வீரனுக்கு ஓய்வுக்குப் பிறகும் சோறு போட்டது. 2001 பிப்ரவரி 28 ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது, அந்தப் பிடிமானம் அறுவது எத்தகையது என்பதைத் தங்கவயலில் ஒவ்வொரு வீடும் அனுபவித்தது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் உண்டு, அது முடிந்தபின் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. பயிற்சியாளர் தொழில்தான் அவன் கற்ற வித்தையை வீணாக்காமல் காக்கும் வழி.

சென்னைக் குழுவின் முதல் ஆசனத்திலோ அமர்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கிரெகரிக்குப் பின் ஓவன் கோயில் வந்தார், அவருக்குப் பின் சாபா லாஸ்லோ, அவருக்கும் பின் போசிதார் பாண்டோவிச். 2022 பிப்ரவரியில், கோவா அணியிடம் 5–0 என்று தோற்ற சில தினங்களில் பாண்டோவிச் விலக, எஞ்சிய ஆட்டங்களுக்குக் குழுவை நடத்தும் பொறுப்பு சபீர் பாஷாவின் தோளில் விழுந்தது. தோற்றுத் துவண்டிருந்த குழுவை, பருவத்தின் அந்திமத்தில், தாற்காலிகம் என்ற அடைமொழியோடு ஏற்பது வாய்ப்பைவிடக் கடமை என்றே சொல்லத் தகும். அதை அவர் ஏற்றார். பருவம் முடிந்தபின் அடுத்த தலைமைப் பயிற்சியாளராக ஜெர்மானியரான தாமஸ் பிரடாரிச் வந்தார்.

இதே இரண்டாம் ஆசனத்திலிருந்து எழுந்தவர்தான் காலித் ஜமீல். 2021 தொடக்கத்தில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் குழுவைத் தாற்காலிகமாக ஏற்று அரையிறுதி வரை கொண்டு சென்றார். அவ்வாண்டு அக்டோபரில், ஐ.எஸ்.எல். குழு ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியரானார். 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பொறுப்பே அவரைத் தேடி வந்தது. பருவத் தொடக்கத்திலிருந்தே முழு அதிகாரத்தோடு ஒரு குழுவை ஒப்படைத்திருந்தால் சபீர் பாஷாவும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியிருப்பார் என்பது என் திடமான அபிப்பிராயம். நம் ஆட்டக்காரர்களின் மொழியும் குடும்ப நிலையும் மனப்போக்கும் அறிந்த ஒருவரை இடுக்கண் வந்த வேளையில் மட்டும் அழைப்பது, குழுக்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் நஷ்டம்.

கார்ல்டன் சாப்மன் அடுத்த வாரம் நிச்சயம் வருவார். அதற்குள் தங்கவயல் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உரிகம், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கப் பகுதிகளின் பழைய கால்பந்துக் குழுப் புகைப்படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஆட்டக்காரர்களின் பெயர்களோடு, ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் பெயரையும் கேட்டறிந்து பத்திரிகை முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.