பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு

தொண்டு நிறுவனம் என்றதும் நம் சூழலில் முதலில் வருகிற வசவு 'அந்நியக் காசு'. நானும் அப்படி எழுதியவன்தான். அந்த விமர்சனத்தை இப்போதும் கைவிட்டுவிடவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்ளூர்க் காசு எந்த வழியாக, யார் கைக்குப் போகிறது என்று நாம் கேட்டதே இல்லை.

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிஷாவின் பலாங்கீர், நுவாபடாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கியாச்சு, பனிக்காலத்தில் வந்தால் கோடை முடிந்துதான் திரும்ப முடியும். பிள்ளைக்கு அங்கே படிப்பு போச்சு, இங்கே பாஷை புரியாது. 2010களில் இந்த மாவட்டத்தில் அனைவருக்கும் கல்வி இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இப்பிள்ளைகளுக்கு ஒடியாவிலேயே வகுப்பு நடத்தின. புத்தகம் ஒடிஷாவிலிருந்து வந்தது. ஒரு மாநில அரசோ ஒரு தொண்டு அமைப்போ தனித்துச் செய்திருக்கக்கூடிய காரியமல்ல இது.

இத்தகைய கூட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? முன்பெல்லாம் பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பர் சட்டத் திருத்தம் அந்தக் கைமாற்றைத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கியது. மிச்சமிருப்பது கம்பெனிக் காசு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி (விற்றுமுதலுக்கும் சொத்துமதிப்புக்கும் தனி அளவுகள் உண்டு) முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை. ஆனால் 2021 முதல் அதைப் பெறும் தொண்டு அமைப்புக்குத் தனிப் பதிவு, வருமானவரிச் சான்றுகள், மூன்று வருட அனுபவம் எல்லாம் வேண்டும். மரத்தடியில் கூடுகிற இருளர் சங்கத்திடம் ஆடிட்டர் எங்கே இருக்கிறார்?

உள்ளூர் நிதி அறக்கட்டளைக்கு வேலை இங்கேதான். கணக்கையும் தணிக்கையையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, எந்தச் சூளையில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு முதலில் என்று தீர்மானிப்பதைச் சங்கத்திடம் விட வேண்டும். வாத்தியார் சம்பளம், பஸ் சார்ஜ், மாதக் கூட்டம் போன்றவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதாவது கூட்டைக் கூட்டாக வைத்திருக்கிற செலவு. சங்கத்துக்கு அதில் வாக்கு இல்லையென்றால் அது கூட்டு அல்ல, கங்காணித்தனம்.

ஒரு கம்பெனி அதிகாரியிடம் ஒடியா வாத்தியாருக்கு ஆறு மாதச் சம்பளம் கேட்டுப் போனோம். பொறுமையாகத்தான் கேட்டார். "நல்ல விஷயம் சார். போர்டு எங்கே வைக்கலாம்?" என்றார். கடைசியில் குடிநீர் மெஷின் வந்தது, போர்டோடு. வாத்தியார் பிப்ரவரியிலேயே ஊருக்குப் போய்விட்டார்.